செவெர்ன் ஆற்றங்கரை ஊர்கள்: ஷ்ராப்ஷயர் நாட்டில் ஒரு வரலாற்று நோக்கு

இங்கிலாந்தின் மேற்கெல்லையில், வேல்சு நாட்டை ஒட்டி, ஷ்ராப்ஷயர் என்னும் நாட்டுப் பிரிவு ஒன்று உண்டு. ஆங்கிலேயர் 'கவுண்டி' என்று வழங்கும் இத்தகைய பிரிவுகள் நம் கல்வெட்டுகளில் வரும் நாடு, கூற்றம் என்பவற்றோடு ஒருவாறு ஒப்பிடத் தக்கவை. இந்நாட்டில் பெருநகர் எனத் தக்கது பழைய ஊர்களுள் ஒன்றும் இல்லை. வயலும் மேய்ச்சல் நிலமும் குன்றுமே மிகுதி. செவெர்ன் ஆற்றின் கரையிலும், அதனோடு பின்னர்க் கலக்கும் டீம் ஆற்றின் கரையிலும் மரச்சட்ட வீடுகளும் பழங்கோட்டைகளும் நிறைந்த சிற்றூர்கள் பல அமைந்துள்ளன. காணச் செல்வோர் அனைவரும் அவ்வூர்களின் பழமையைப் புகழ்ந்து மீள்கின்றனர். அப்பழமை ஏன் நிலைத்தது, எது நிலைக்காது போயிற்று என்று வினவுவோர் சிலரே. அவ்வினாவை உட்கொண்டே நாம் அவ்வூர்களைக் கண்டோம். கண்ணிற்படும் வரலாறு, கண்ணிற்படாத வரலாற்றின் எச்சம் என்பதே எமக்குப் புலனாயிற்று.

முதற்கண் ஆற்றின் பெயரை நோக்குவோம். வேல்சு நாட்டுப் பிளின்லிமன் மலையில் தோன்றி, ஏறத்தாழ 354 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடையும் இவ்வாறு பெரிய பிரித்தானியத் தீவின் மிக நீண்ட ஆறாகும். உரோமானியர் இதனைச் சப்ரினா என்றனர். ஆங்கிலர் செவெர்ன் என்பர். வேல்சு மக்கள் ஹாவ்ரென் என்பர். மூன்றும் ஒரு சொல்லே. பழங்கெல்திய மொழியில் மொழிமுதலாக நின்ற சகர ஒலி வேல்சு மொழியில் ஹகரமாகத் திரிந்தது. ஆங்கிலத்தில் பழைய ஒலியே நிலைத்தது. சிறகு, இறகு எனவும், சிப்பி, இப்பி எனவும் நம் மொழியில் வழங்கும் இணைகளைக் கற்ற மாணவர்க்கு மொழிமுதற் சகரத்தின் மெலிவு புதிதன்று. எனினும் இவற்றிடையே உறவு காண முயலுதல் பிழையாகும். ஒலி மாற்றத்தின் போக்கு மட்டுமே ஈண்டு ஒக்கும். ஆற்றில் மூழ்கி இறந்த ஓர் அரசிளங்குமரியின் பெயரே ஆற்றின் பெயராயிற்று என்னும் கதையை 12ஆம் நூற்றாண்டில் மான்மத்து ஊர்ச் செப்ரி எழுதிவைத்தார். அக்கதைப் பெண்ணையே நீர்த்தெய்வமாக்கி மில்டன் 'கோமசு' என்னும் நாடகத்தில் நிறுத்தினார். அந்நாடகம் முதலில் நடிக்கப்பெற்ற இடம் இந்நாட்டின் லட்லோக் கோட்டையே, ஆண்டு 1634. பெயரிலிருந்து கதை பிறப்பதும், கதையிலிருந்து காப்பியம் பிறப்பதும் எந்நாட்டிற்கும் பொது போலும்.

ஷ்ரூஸ்பரிக்குத் தென்கிழக்கே சில கல் தொலைவில் ராக்சிட்டர் என்னும் சிற்றூர் உள்ளது. உரோமானியர் காலத்தில் விரோகோனியம் என்று பெயர் பெற்று, பிரித்தானியத்தின் நான்காவது பெருநகராய் விளங்கிய இடம் இதுவே. ஏறத்தாழ 78 ஹெக்டேர் பரப்புடைய அந்நகரில் இன்று பெரும்பகுதி மேய்ச்சல் நிலம். நீராட்டு மண்டபத்தின் சுவர்த் துண்டு ஒன்று மட்டும் தனித்து உயர்ந்து நிற்கின்றது. நகரின் கற்கள் எங்கே என வினவுவார் ஊர்த் தேவாலயத்திற்குச் செல்லுதல் வேண்டும். வாயிற்கம்பங்கள் உரோமானியத் தூண்கள். உள்ளே நீர்முழுக்குத் தொட்டியாக உள்ளது தலைகீழாக்கிக் குடைந்த ஒரு தூணின் அடிப்பகுதி.

இந்நகரின் முடிவு பற்றிய ஆராய்ச்சி நம் மாணவர்க்குப் பெரிதும் பயன்படுவது. உரோமானியர் நீங்கியவுடன் நகரும் பாழாயிற்று என்றே நெடுங்காலம் எழுதிவந்தனர். 1966 முதல் 1990 வரை இங்கே அகழ்ந்த பிலிப் பார்க்கர், மேல்மண்ணை மண்வெட்டியால் வாரி எறியாது, பரந்த இடத்தை ஒருங்கே திறந்து, கரண்டியாலும் தூரிகையாலும் அடுக்கடுக்காகத் துடைத்து நோக்கினார். இடிபாட்டுக் கற்களை நிரவி, அவற்றின்மேல் மரக்கட்டடங்கள் எழுப்பப்பட்டதற்கான மெல்லிய தடங்களை அவர் கண்டார். உரோமானிய ஆட்சி ஒழிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலும் இங்கு நகர வாழ்க்கை நடந்தது என்பது அவர் முடிபு. அம்முடிபின் சில கூறுகளைப் பின்னையோர் ஐயுறுகின்றனர், அது வேறு. கல்லையே தேடிய முன்னைய அகழ்வாளர் மரத்தின் தடத்தைத் தம் கையாலேயே அழித்திருத்தல் கூடும் என்பதை நாம் மறத்தல் ஆகாது. மரமும் மண்ணும் கொண்டே பெரிதும் கட்டிய நம் பழங்கால ஊர்களை அகழ்வோர்க்கு இது நேரே பொருந்தும்.

விரோகோனியம் வயலாக, ஆற்றின் மேற்பகுதியில் ஷ்ரூஸ்பரி எழுந்தது. செவெர்ன் ஆறு குதிரை இலாடம்போல் வளைந்து ஒரு மேட்டைச் சூழ்கின்றது. ஒரு பக்கமே தரைவழி. அவ்வழியை அடைத்து 11ஆம் நூற்றாண்டில் நார்மானியத் தலைவர் ரோசர் கோட்டை கட்டினார். கிழக்கே ஆங்கிலப் பாலம், மேற்கே வேல்சுப் பாலம் என இன்றும் வழங்கும் பெயர்கள் இவ்வூர் இரு நாட்டிடையே நின்ற நிலையைக் காட்டும். 1403ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் நான்காம் என்றி மன்னர் ஊருக்கு வடக்கே கலகத் தலைவர் பெர்சியை வென்று கொன்ற களம் 'போர்க்களம்' என்றே ஊர்ப்பெயராயிற்று. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வேல்சு நாட்டுக் கம்பளித் துணியை வாங்கி விற்ற வணிகர் குழுவின் செல்வமே இன்று காணப்பெறும் மரச்சட்ட மாளிகைகள். 1596இல் கட்டிய சந்தை மண்டபம் நடுச் சதுக்கத்தில் இன்னும் நிற்கின்றது. அத்துணிகள் பெரும்பாலும் தரைவழியே இலண்டன் சென்றன என்பதையும் கூறுதல் வேண்டும். ஆற்றங்கரை ஊரில் அனைத்தும் ஆற்றால் வந்தன என்று கொள்ளுதல் எளிதான பிழை.

ஆறு கொணர்ந்தது வேறு. நிலக்கரி, இரும்பு, மரம், மண்பாண்டம், தானியம், கீழிருந்து வரும் திராட்சை மதுவும் புகையிலையும் என எடை மிக்க பண்டங்களே படகேறின. 'டிரோ' எனப்பட்ட தட்டையடிப் படகுகள் நீர் உள்ளபோது கீழே மிதந்து சென்றன. மேலே வருவதற்குக் காற்று உதவாதபோது மனிதர் வடம் பூண்டு கரைவழியே இழுத்தனர். குதிரை செல்லும் இழுவழி 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் இப்பகுதிக்கு வந்தது. அதுவரை குதிரையின் வேலையை ஆடவர் கூட்டங்களே செய்தன. ஆற்றின் இம்மேற்பகுதியில் மதகுப்பூட்டுகள் ஒருபோதும் அமைக்கப்படவில்லை. கோடையில் நீர் வற்றினால் படகுகள் வாரக்கணக்கில் துறையிலேயே கிடக்கும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் அப்போதும் செல்லல் இயலாது. இடைப்பட்ட நாள்களை நம்பியே ஒரு நாட்டின் வாணிகம் நடந்தது. ஊர்தோறும் நின்று பார்க்கும் மாளிகைகளில் வணிகர் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கின்றன. வடம் பூண்டோர்க்கு அத்தகைய குறிப்பு ஒன்றும் இல்லை.

பிரிட்ஜ்நார்த் ஊரில் இவ்வாணிகத்தின் உருவம் தெளிவாய்த் தெரியும். செங்கற்பாறை உச்சியில் மேலூர், ஆற்றங்கரையில் கீழூர். கோட்டையும் கோயிலும் சந்தையும் மேலே, துறையும் பண்டசாலையும் கீழே. இரண்டையும் செங்குத்தான படிக்கட்டுகள் இணைக்கின்றன. 1892இல் பாறைச் சரிவில் ஓர் இழுவண்டிப் பாதையும் அமைத்தனர். 1646இல் உள்நாட்டுப் போரின்போது மேலூர் தீக்கிரையாயிற்று. கோட்டையை நாடாளுமன்றப் படையினர் தகர்த்தனர். அதன் நடுக்கோபுரத் துண்டு ஏறத்தாழ 15 பாகை சரிந்து, இன்னும் விழாது நிற்கின்றது. பைசா நகரத்துக் கோபுரத்தினும் இது மிகச் சரிந்தது என்று ஊரார் பெருமையாய்க் கூறுவர். அழிக்க முயன்று முடியாது விட்ட ஒன்று ஊரின் அடையாளமாய்விட்டது.

இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே ஆறு குறுகிய பள்ளத்தாக்கில் புகுகின்றது. நிலக்கரி, இரும்புத் தாது, சுண்ணாம்புக் கல் ஆகிய மூன்றும் அங்கே ஆற்றை ஒட்டியே கிடைத்தன. 1709இல் கோல்புரூக்டேல் என்னும் இடத்தில் ஆபிரகாம் டார்பி, மரக்கரிக்கு மாற்றாக நிலக்கரியைச் சுட்டுப் பெற்ற கற்கரியைக் கொண்டு இரும்பை உருக்கினார். காடுகள் குறைந்துவந்த நாட்டில் இது பெரிய விடுதலையாயிற்று. அவர் வழித்தோன்றலாகிய மூன்றாம் ஆபிரகாம் டார்பி 1779இல் செவெர்னுக்குக் குறுக்கே இரும்புப் பாலம் எழுப்பினார். 1781ஆம் ஆண்டு முதல் நாளன்று அது போக்குவரத்திற்குத் திறக்கப்பட்டது. வரைவு பிரிச்சார்டு என்னும் கட்டடக் கலைஞருடையது. பாலம் எழுமுன்னரே 1777இல் அவர் இறந்தார். வளைவின் அகலம் 30 மீட்டருக்குச் சற்று மிகுதி. இரும்பின் எடை ஏறத்தாழ 378 டன்.

இப்பாலத்தில் நம்மை நெடுநேரம் நிற்கச் செய்தது அதன் அளவன்று, பொருத்து முறை. உறுப்புகளைத் திருகாணியிட்டு இணைக்கவில்லை. துளையில் கழுந்தைச் செருகி ஆப்பு அடித்து இறுக்கும் தச்சர் முறையே இரும்பிலும் கையாளப்பட்டுள்ளது. புதிய பொருள் வந்தது. அதற்குரிய புதிய இலக்கணம் இன்னும் பிறக்கவில்லை. கைவினைஞர் தாம் அறிந்த மரத்தின் இலக்கணத்தையே இரும்புக்கும் கூறினர். மரக்கட்டடக் கூறுகளைக் கல்லில் செதுக்கிய நம் பழங்கோயிற் கொடுங்கைகளை அறிந்தோர்க்கு இது விளங்காமற் போகாது. பொறியியலார் இதனை அறியாமை என்பர். ஒருவகையில் அது மெய்யே, தேவைக்கு மிகுதியான இரும்பு செலவாயிற்று. ஆனால் 1795இல் செவெர்ன் பெருவெள்ளம் கொண்டு பல பாலங்களைச் சிதைத்தபோது இப்பாலம் ஊறின்றி நின்றது. கல்தூண்கள் ஆற்றின் நடுவே நின்று நீரைத் தடுப்பன. இரும்பு வளைவோ நீர்க்கு வழிவிட்டது. 1934இல் வண்டிகள் செல்வது நிறுத்தப்பட்டது. நடப்போரிடம் சுங்கம் 1950 வரை வாங்கினர். 1986இல் இப்பள்ளத்தாக்கு உலக மரபுச் சின்னமாயிற்று. பாலத்தின் பெயரே ஊருக்கும் பெயர்; அயன்பிரிட்ஜ் என்றால் இரும்புப் பாலம்.

இன்று இப்பள்ளத்தாக்கு மரங்கள் அடர்ந்து மிக அமைதியாய் உள்ளது. ஒருகாலத்தில் இரவெல்லாம் உலைத் தீயால் சிவந்திருந்த இடம் இது என்பதை நம்புதல் அரிது. கால்வாய்களும், 19ஆம் நூற்றாண்டின் இடையில் வந்த இருப்புப்பாதைகளும் ஆற்று வாணிகத்தை ஈர்த்துக்கொண்டன. ஷ்ரூஸ்பரிக்கு 1848இல் புகைவண்டி வந்தது; 1862இல் ஆற்றை ஒட்டியே செவெர்ன் பள்ளத்தாக்குப் பாதை திறக்கப்பட்டது. படகுகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. இரும்புத் தொழிலும் வேறிடங்களில் பெருகிற்று. ஆற்றை வென்ற அப்பாதையும் 1963இல் பயணிகளுக்கு மூடப்பட்டது; அதன் ஒரு பகுதியை ஆர்வலர் 1970 முதல் நீராவி வண்டிகளுடன் காட்சிக்காக நடத்துகின்றனர். தொழில் பெருகிய ஊர்கள் தம் பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்டின. வாணிகம் நின்ற இவ்வூர்கட்கு இடித்துக் கட்டப் பொருளும் இல்லை, தேவையும் இல்லை. பழமை இங்கே பேணப்பட்டது என்பதினும், கைவிடப்பட்டதால் தப்பியது என்பதே பொருந்தும். பேணுதல் பின்னர் வந்தது.

லட்லோவின் நிலையும் அதுவே, காரணம் சற்று வேறு. லட்லோ என்னும் பெயர் ஒலிக்கும் நீரருகே உள்ள மேடு எனப் பொருள்படும். நீர் இன்னும் ஒலிக்கின்றது, மேடோ கோயிலை விரிவாக்கியபோது நிரவப்பட்டது. வேல்சு எல்லை நாடுகளை ஆண்ட மன்றம் இவ்வூர்க் கோட்டையில் அமர்ந்திருந்த வரையில் வழக்காடுவோரும் அதிகாரிகளும் நிறைந்திருந்தனர். 1689இல் மன்றம் கலைக்கப்பட்டது, கோட்டை கூரையிழந்தது, ஊர் உறங்கியது. அதனை மீண்டும் பலர் நாடி வரச் செய்தது ஒரு கவிதை நூல். 1896இல் வெளிவந்த ஹவுஸ்மனின் 'ஷ்ராப்ஷயர் இளைஞன்' நூலை ஏந்திக்கொண்டு வருவோர் இன்றும் உளர். ஹவுஸ்மன் பிறந்தது அண்டை நாடாகிய உஸ்டர்ஷயர். பாடல்களில் பலவற்றை இயற்றியது இலண்டனில். ஹியூலி என்னும் ஊரின் உயர்ந்த கோயிற்கோபுரத்தை அவர் பாடுகின்றார். அங்கே சென்று பார்ப்போர் காண்பது பள்ளத்தில் அமைந்த எளிய சிறு கோயில். பாடலைக் கொண்டு நிலவியலை நிறுவ முயலும் ஆராய்ச்சியாளர் ஹியூலிக்கு ஒருமுறை சென்று வருதல் நன்று. எனினும் 1936இல் அவர் இறந்தபின் சாம்பலை லட்லோக் கோயிலிலேயே வைத்தனர். கற்பித்துக்கொண்ட நாடு அவரைத் தன் மகனாக ஏற்றுக்கொண்டது.

இதுவரை கூறியன இந்நாட்டு மண்ணில் தோன்றிய வரலாறு. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் நாம் காணாது மீள முடியாத வேறொரு வரலாறும் இங்கு உண்டு. ஷ்ரூஸ்பரிச் சதுக்கத்தில், 1596ஆம் ஆண்டுச் சந்தை மண்டபத்தின் எதிரே, 1860இல் நிறுவிய ஒரு வெண்கலச் சிலை நிற்கின்றது. சிலைக்குரியவர் ராபர்ட் கிளைவ். 1725இல் இந்நாட்டின் வடபகுதியில் மார்க்கெட் டிரெய்ட்டனை அடுத்த ஸ்டைச் என்னும் இடத்தில் பிறந்து, 1744இல் சென்னைக்கு எழுத்தராக வந்தவர். 1751இல் ஏறத்தாழ 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் கொண்ட சிறு படையுடன் ஆர்க்காட்டைக் கைப்பற்றி, 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். முற்றுகையின்போது சிப்பாய்கள் சோற்றை ஐரோப்பியர்க்கு ஈந்து, வடித்த கஞ்சியைத் தாம் உண்டனர் என்னும் செய்தியை 1840இல் மெக்காலே எழுதிப் புகழ் பெறச் செய்தார். பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் தொடங்கிய அவ்வெற்றி 1757இல் பிளாசியில் பெருஞ்செல்வமாய் முடிந்தது. அச்செல்வம் செவெர்ன் நாட்டிற்கு வந்தது. 1761 முதல் இறக்கும் வரை அவர் ஷ்ரூஸ்பரியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1762இல் அவ்வூர் மேயர். அடுத்த ஆண்டில் வால்காட்டு என்னும் பெரும் பண்ணையை விலைக்கு வாங்கினார்.

தந்தையை அனைவரும் அறிவர். மகனை அறிந்தோர் குறைவு. நம் வரலாற்றிற்கு மகனே இன்னும் நெருங்கியவர். எட்வர்டு கிளைவ் 1774 முதல் 1794 வரை லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினராய் இருந்தார். 1798இல் சென்னை ஆளுநராய் வந்து 1803 வரை ஆண்டார். அவ்வைந்தாண்டுகளில் நிகழ்ந்தன யாவை? 1799 மே மாதம் சீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 சூலையில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியுரிமை கும்பினியின் கைக்கு மாறிற்று. அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது உடன்பிறந்தார் தூக்கிலேறினர். பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஆயுதம் தாங்குதல் தடை செய்யப்பட்டது. லட்லோவின் அமைதியான தெருக்களில் நடந்தபோது இவ்வாண்டுகளின் வரிசையே நம் நினைவில் நின்றது.

அவர் துணைவியார் ஹென்ரியட்டா 1800ஆம் ஆண்டு தம் பெண்மக்களுடன் சென்னையினின்று புறப்பட்டு, மைசூர் நாடு சென்று, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் வழியாக மீண்டு, கண்டவற்றை நாட்குறிப்பாக எழுதினார். தென்னாட்டு ஊர்களைப் பற்றிய அக்காலத்துப் பெண்ணொருவரின் நேர்க்காட்சி என்ற வகையில் அது நம் ஆய்வாளரால் இன்னும் நுணுகிக் கற்கத் தக்கது. திப்புவின் கூடாரம் உள்ளிட்ட பொருள்கள் இன்று வேல்சு எல்லைக்கு அப்பால், அதே செவெர்ன் பள்ளத்தாக்கில் உள்ள பாவிசுக் கோட்டையில் காட்சியாக உள்ளன. 1804இல் எட்வர்டு கிளைவ் பாவிசுப் பிரபு ஆனார்.

தந்தையின் சிலையை அகற்றுக என்று 2020இல் விண்ணப்பங்கள் எழுந்தன. நாட்டு மன்றம் அதனை இருந்த இடத்திலேயே விட முடிவு செய்தது. இருதரப்பு வாதங்களையும் விரித்தல் எம் நோக்கமன்று. சிலை இருந்தாலும் பெயர்ந்தாலும், வால்காட்டுப் பண்ணையின் விலை எங்கிருந்து வந்தது என்னும் கணக்கு நம் ஆவணக் காப்பகங்களிலும் அவர்தம் ஆவணக் காப்பகங்களிலுமாகப் பிரிந்து கிடக்கின்றது. ஒன்றை மட்டும் கற்றோர் அரைக் கணக்கையே கற்றோராவர். ஆர்க்காட்டுக் கோட்டையின் எஞ்சிய வாயிலைக் காண்போரும் ஷ்ரூஸ்பரிச் சிலையைக் காண்போரும் வெவ்வேறு நூல்களைக் கையில் ஏந்தி வருகின்றனர்.

இறுதியாக நாம் மோர்ட்டன் சே என்னும் சிற்றூருக்குச் சென்றோம். செங்கல்லால் அமைந்த சிறு கோயில், சுற்றிலும் வயல். 1774 நவம்பர் 22ஆம் நாள் இலண்டனில் இறந்த ராபர்ட் கிளைவின் உடலை இங்குக் கொணர்ந்து அடக்கினர். கல்லறையின்மேல் அடையாளம் இடவில்லை. கோயிலுள் எவ்விடம் என்பதும் இன்று தெரியாது. இச்சுவர்களுக்குள் எங்கோ அடங்கியுள்ளார் என்னும் அளவில் ஒரு சிறு பித்தளைத் தகடு மட்டும் உள்ளது.